டெனீஸின் வீட்டில் வயலின் வகுப்பு

டோரீன் குவைத்திலிருந்து வந்து இறங்கியபோது மகளைப் புதைத்து நாலு நாள் ஆகியிருந்தது. டெங்குக் காய்ச்சல். டெனீஸுக்கு இருபத்தாறு வயது, கலியாணமாகிப் பதினொரு மாதம். கடவுச்சீட்டைக் கையில் தருவதற்கு குவைத்தில் டோரீன் வேலை செய்த வீட்டுக்காரி இரண்டு நாள் இழுத்தடித்தாள். அந்த இரண்டு நாளை டோரீன் இன்றுவரை மன்னிக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து நேரே கல்லறைக்குப் போனாள். அங்கிருந்து நாவற்குடாவுக்கு, தன் உழைப்பில் எழும்பிய வீட்டுக்கு வந்தாள். புதுத் தரையைப் பார்த்து, "டைல்ஸ் வடிவாத்தான் கிடக்கு" என்றாள். பிறகு அந்தத் தரையிலேயே விழுந்து தலையை மோதி மோதி அழுதாள்.

மட்டக்களப்பில் பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு இரவில் தூக்கம் வராது என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான்: வீடு. இங்கே மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதனால் பெண்ணுக்கென்று ஒரு வீடு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெண் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் கேட்டு வருபவர்கள் வாசல் படலையோடு திரும்பிவிடுவார்கள். தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரையும் பிடித்த இந்த வழக்கம், டோரீனைப் போல ஐரோப்பிய வழிவந்த பறங்கியரையும் விடவில்லை. டோரீனின் கணவர் யூஸ்டஸ் தச்சுவேலைக்காரர். அவருடைய உளியால் வயிறு நிறைந்தது, வீடு எழும்பவில்லை. ஆகவே டோரீன் பன்னிரண்டு வருடம் குவைத்தில் அடுத்தவர் வீட்டுச் சட்டி பானை கழுவினாள்.

அங்கே வெள்ளிக்கிழமை மட்டும்தான் கைபேசி கையில் கிடைக்கும். டெனீஸ் கிழமை முழுக்க அனுப்பியது எல்லாம் அன்றைக்கு மொத்தமாக வந்து விழும். அத்திவாரத்தின் படம், தூணின் படம், கூரையின் படம். இடையிடையே அவள் வயலின் வாசித்த பதிவுகள். கோயில் பாடகர் குழுவில் பழகத் தொடங்கியவள், பிறகு வயலினைக் கீழே வைக்கவே இல்லை. மலிவான கைபேசி; இடம் நிறைந்துவிட்டது, எதையாவது அழி என்று அடிக்கடி கேட்கும். வீட்டுப் படங்களை அழிக்க டோரீனுக்கு மனம் வரவில்லை. வயலினைப் பாதி கேட்பாள், "நல்லா இருக்கு மகள்" என்று எழுதுவாள், அழிப்பாள். ஊருக்குப் போய் நேரே உட்கார்ந்து கேட்கத்தானே போகிறோம் என்று நினைத்தாள்.

ஒருமுறை டெனீஸ் தொலைபேசியில் சொன்னாள்: "மம்மி, கூரை போட்டாச்சுத்தானே. அது காணும். டைல்ஸ் என்னத்துக்கு? நீங்க வாங்க." டோரீன் சிரித்தாள். சீமெந்துத் தரையோடு மகளைக் கட்டிக்கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாள். கலியாணத்துக்கு மூன்று கிழமை லீவில் வந்து, டைல்ஸுக்காக மறுபடியும் விமானம் ஏறினாள்.

இப்போது அவளிடம் சுவரும் கூரையுமாக முந்நூறு படம் இருந்தது. மகள் வாசித்த வயலின் ஒன்றுகூட இல்லை.

மருமகன் ஜேமி முப்பதாம் நாள் பூசையோடு பனிச்சையடிக்கு, தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். வீடு பூட்டிக் கிடந்தது. யூஸ்டஸின் பழைய வீட்டில் டோரீன் ஒரு வருடம் கட்டிலை விட்டு ஒழுங்காக எழும்பவில்லை. எழும்பிய அன்று யூஸ்டஸிடம் வந்து, "அந்த வீட்டில வயலின் பள்ளிக்கூடம் வைக்கப் போறன். காசில்லாத வீட்டுப் பொம்பிளப் புள்ளைகளுக்கு. ஒரு சதம் வாங்க மாட்டன்" என்றாள். யூஸ்டஸ் சீவுளியை நிறுத்திவிட்டு அவளுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பதிவு செய்யப் போன இடத்தில் எழுதுவினைஞர் கேட்டார்: "நீங்க என்ன படிச்சிருக்கிறீங்க?"

"எட்டாம் வகுப்பு."

"சங்கீதம்?"

"ஒண்டும் தெரியாது."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "எனக்குத் தெரியத் தேவையில்ல தம்பி, புள்ளைகளுக்குத் தெரிஞ்சாக் காணும்" என்றாள் டோரீன். அந்த மனிதர் பேனையை எடுத்துப் படிவத்தைத் தானே நிரப்பிக் கொடுத்தார்.

அவுஸ்திரேலியாவுக்குப் போய்க் குடியேறிவிட்ட சொந்தங்களுக்கெல்லாம் எழுதினாள். பரணில் கிடந்த பழைய வயலின்கள் ஒவ்வொன்றாகக் கப்பலில் வந்தன. கழுத்து முறிந்தது, வயிறு வெடித்தது, உள்ளே எலி குட்டி போட்டது. யூஸ்டஸ் முணுமுணுத்துக்கொண்டே ஒன்பதைத் திருத்தினார். படிப்பிக்க ஜேமியின் தங்கை தானியா வந்தாள். டெனீஸோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து வயலின் பழகியவள், இருபத்தொன்பது வயது, அதிகம் வாய் திறக்காத பெண். வயலின் கையில் வந்துவிட்டால் மட்டும் அவளுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும்.

தொடக்கத்திலேயே டோரீன் ஒரு பிழை விட்டாள். வாவியில் இறால் பிடிக்கும் குடும்பத்துத் தாய் ஒருத்தி முதல் கிழமை ஒரு பொட்டலம் இறால் கருவாடு கொண்டுவந்தாள். "இஞ்ச ஒண்டும் வாங்கிறதில்ல" என்று டோரீன் பெருமையாகத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த நாள் அந்தத் தாய் மகளை அனுப்பவில்லை. நாங்கள் பிச்சைக்கா வந்தோம் என்று கேட்டாளாம். டோரீன் வெயிலில் நடந்து போய் வாசலில் நின்று கருவாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிவந்தாள். அதன் பிறகு பூசணிக்காய் வந்தது, முருங்கைக்காய் வந்தது. காத்தான்குடியிலிருந்து வரும் நிஸ்றாவின் உம்மா பஹீமா, வயலின்களுக்கெல்லாம் துணியில் உறை தைத்துக் கொடுத்தாள். யூஸ்டஸுக்குப் பூசணிக்காய் என்றாலே வெறுத்துப்போய்விட்டது.

இரண்டு வருடத்தில் பதினாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒன்பது வயலினைப் பதினாலு பேர் மாற்றி மாற்றி வாசித்தார்கள். டோரீன் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டாள். யாராவது பாதியில் நிறுத்தினால், "முடிச்சுப்போட்டு எழும்பு புள்ள" என்பாள். அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜேமி வந்தான். அன்றைக்கு வகுப்பில்லை. பிள்ளைகள் இருக்கும் வாங்கில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"சொல்லு மனே" என்றாள் டோரீன்.

"மம்மி, நான் எனக்குக் கேக்கல்ல. தானியாவுக்கு ஒரு இடம் வந்திருக்கு. வெய்ன் எண்டு ஒரு திருகோணமலைப் பொடியன், நல்ல குணம். முதல் வந்த ரெண்டு இடமும் வீடில்லாமத்தான் நிண்டது. இதுவும் நிண்டா மறுகா ஒருத்தரும் வர மாட்டாங்க."

மீதியை அவன் சொல்லத் தேவையிருக்கவில்லை. வீடு டெனீஸின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டது. பிள்ளையில்லாமல் அவள் போனதால் பாதி ஜேமிக்கு, மற்றப் பாதி தாய் தகப்பனுக்கு. மூன்று வருடமாக அவன் அந்தப் பாதியைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. தங்கையைக் கரைசேர்க்காமல் மறுகலியாணம் செய்வதில்லை என்று, வந்த இடங்களையெல்லாம் தட்டிக்கழித்துக்கொண்டும் இருந்தான்.

"என்ட புள்ளையத் திண்டது காணாதா, வீடும் வேணுமா?" என்று டோரீன் கேட்டுவிட்டாள்.

ஜேமி, அவ்வளவு பெரிய ஆண்பிள்ளை, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். டோரீனுக்கு நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. போகும்போது வாசலில் நின்று, "தானியாவுக்கு ஒண்டும் தெரியாது மம்மி. சொல்லிராதீங்க" என்றான். அதை அவன் சொல்லியிருக்கவே வேண்டாம். பெண்ணின் வீட்டுக் கதையைப் பெண்ணுக்கு முன்னால் கதைப்பது இந்த ஊரில் இல்லை. பெரியவர்கள் பேசி, எழுதி, முடித்த பிறகுதான் அவளுக்குச் சொல்வார்கள். முன்னமே சொல்லிவிட்டு, காரியம் குழம்பினால் பிள்ளை மனம் உடைந்துவிடுமாம்.

எட்டு நாள் டோரீன் சரியாகச் சாப்பிடவில்லை. யூஸ்டஸிடம் கேட்டாள். "உழைச்சவள் நீ. நீ சொல்லு, நான் கையெழுத்து வைக்கிறன்" என்று அவர் தப்பித்துக்கொண்டார். பாதியைக் கொடுத்து மீதியில் பள்ளிக்கூடம் நடத்தலாமா என்று வெய்ன் வீட்டுக்கு ஆளனுப்பிக் கேட்டாள். வெய்னின் தாய், புதுசாகக் கட்டியவர்கள் குடியிருக்கும் வீட்டில் பதினாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வெறும் வீடாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அதிலும் பிழை சொல்ல ஏலாது. வகுப்புக்கு வேறு இடம் தேடி இரண்டு மண்டபத்துக்கு ஏறி இறங்கினாள். ஒன்றில் பாலர் பாடசாலை நடந்தது. மற்றதில் பார்ப்போம் என்றார்கள். பார்ப்போம் என்றால் இல்லை என்று டோரீனுக்குத் தெரியும்.

வகுப்பு நடக்கும்போது தானியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சட்டையின் தோள்பட்டை வெளுத்துப்போயிருந்தது. நிஸ்றாவின் விரலைப் பிடித்து நரம்பின் மேல் வைத்துவிட்டு, நிமிர்ந்து ஒருமுறை கூரையைப் பார்த்தாள். பாவம், வீட்டுக்கு ஏங்குகிறாள் என்று டோரீன் நினைத்தாள். டெனீஸ் இருந்திருந்தால் சிநேகிதிக்குக் கொடு என்றுதான் சொல்லுவாள் என்றும் நினைத்தாள். அந்த நினைப்பில் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. கொடுப்பதென்றால் பாதி என்னத்துக்கு, முழுதாகவே கொடுத்துவிடுவோம் என்று முடிவெடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய் டோரீன், யூஸ்டஸ், ஜேமி மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள். ஜேமி அவளுடைய காலில் விழப்போனான். டோரீன் பிடித்து நிறுத்தினாள். வெய்ன் வீட்டுக்கு அன்றைக்கே சேதி போனது. ஞாயிற்றுக்கிழமை மோதிரம் மாற்ற வருவதாக மறுசேதி வந்தது.

புதன்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு, டோரீன் நல்ல கவுண் ஒன்றை உடுத்திக்கொண்டு வந்தாள். கையில் பத்திரம் இருந்தது, வீட்டைப் பூட்டும் திறப்பு இருந்தது.

"தானியா, இஞ்ச வா புள்ள. இது இனி உன்ட வீடு. முழுசா உன்ட பேரில எழுதியாச்சு. வெய்ன் வீட்டாக்களும் ஓமெண்டு சொல்லிட்டாங்க. வீடில்லாத புள்ள எண்டு இனி உன்னை ஒருத்தரும் சொல்லேலாது."

தானியா பத்திரத்தை வாங்கி, தன் பெயர் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தாள். அவள் இப்போது சந்தோசத்தில் அழுவாள் என்று டோரீன் காத்திருந்தாள்.

"அப்ப இந்தப் புள்ளைகள்?"

"வேற இடம் பாப்பம்."

"எங்க ஆன்ட்டி?"

டோரீன் பின்னால் கிடந்த தன் கதிரையில் அமர்ந்தாள். தானியா வாங்கில் உட்கார்ந்தாள். பேசத் தொடங்கியபோது அவளுடைய குரல் வகுப்பில் இருப்பதுபோல் நிதானமாகவே இருந்தது.

"முதல் வந்த ரெண்டு இடமும் வீடில்லாம நிண்டதுதான். நிண்ட ரெண்டு தரமும் நான் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொழுத்தினனான். நன்றி சொல்லி. வீடில்லாத மட்டும் என்னைக் கேட்டு ஒருத்தரும் வர மாட்டாங்க, நான் இஞ்ச என்ட பாட்டுக்குப் படிப்பிச்சுக்கொண்டு இருப்பன் எண்டு நினைச்சன்."

"ஏன் புள்ள, இதை முன்னமே சொல்லியிருக்கலாமே?"

"என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லியே ஆன்ட்டி."

"நான் ஜேமியோட கதைக்கிறன். பத்திரத்த மாத்தலாம். இப்பவே போவம்" என்று டோரீன் எழும்பினாள்.

"வேணாம்." தானியா அவளுடைய கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அண்ணன் ரெண்டு நாளா வீட்டில சிரிச்சுக்கொண்டு திரியிறான். ஏன் சிரிக்கிறான் எண்டு எனக்கு இப்பதான் விளங்குது. டெனீஸ் போன பிறகு அவன் சிரிச்சு நான் காணல்ல. நான் கட்டாம அவனும் ஒருத்தியக் கட்ட மாட்டான். நான் மாட்டனெண்டா அவன்ட முகத்தில எப்பிடி முழிக்கிற?"

திறப்பையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை எத்தினை மணிக்கு வாறாங்களாம்?"

"பூசை முடிஞ்சு."

"அப்ப புள்ளைகளுக்கு நானே சொல்லுறன். நீங்க சொல்ல வேணாம், உங்களால ஏலாது."

அவள் எழும்பி, பிள்ளைகள் கண்டபடி இழுத்துப் போட்டுவிட்டுப் போன வாங்குகளைச் சுவரோடு சேர்த்து அடுக்கத் தொடங்கினாள். டோரீன் கதிரையில் இருந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டாவது பிள்ளைக்கும், என்ன வேணும் என்று கேட்காமலே, அவள் வீடு கொடுத்து முடித்துவிட்டாள்.