ட்ரிகரை நிறுத்திய காலை

மருந்து மொத்த வியாபாரக் கிடங்கில் கணினி வேலை பார்த்த அவளை எல்லோரும் டேட்டாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்கை வண்டியேற்றும் பொறுப்பில் இருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவனுக்கு மட்டும் வெறும் அக்கா.

அன்று காலை ஒன்பதரைக்கு அவன் வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, அனுப்புற பட்டியலை சேவ் பண்ண விடமாட்டேங்குது. ட்ரிகர் எரர்னு வருது. ஆறு வண்டி நிக்குது, டிரைவருங்க என் உயிரை எடுக்கிறாங்க."

அந்த ட்ரிகர் அவளே எழுதியது. பட்டியலில் ஒரு மருந்து ஏறும்போதெல்லாம் தானாக ஓடி, கம்பெனி திரும்பக் கேட்ட சரக்கா என்று பார்க்கும்; ஆமென்றால் மருந்தின் பெயரைச் சொல்லி மறித்துவிடும். இன்று பெயர் எதுவும் வரவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் கிடைத்தன என்று மட்டும் வந்தது. ஏதோ கோளாறு, நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"அதை நிறுத்தி வைக்கிறேன். நீ வண்டிய அனுப்பு."

வண்டிகள் போன பிறகு பட்டியலை ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தாள். ஒரு கண் சொட்டு மருந்தில் வந்து முட்டியது. கிருமி கலந்திருக்கிறது, திருப்பி அனுப்புங்கள் என்று கம்பெனி இரண்டு முறை எழுதியிருந்தது; இரண்டும் பதிவாகியிருந்தன. ஒரே வரியை எதிர்பார்த்த ட்ரிகர் இரண்டைக் கண்டதும் குழம்பி நின்றுவிட்டது. தடுக்க வேண்டியதைத்தான் தடுத்திருக்கிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவள் தம்பியிடம் ஓடினாள்.

தம்பி டிரைவர்களுக்குப் போன் போட்டான். வண்டிக்கு ஒன்றாகப் போயிருந்த அந்தச் சொட்டு மருந்துப் பெட்டிகளில் ஐந்து வழியிலேயே திரும்பின. ஆறாவது ஒரு கிளினிக்கில் இறங்கிவிட்டது.

முதலாளி அனுப்புச் சீட்டைப் பார்த்தார். "இது உன் கையெழுத்துதானே?" என்று தம்பியைக் கேட்டார்.

"ஆமா சார். என் தப்புதான்."

"அவன் தப்பில்ல சார்," என்றாள் அவள். "ட்ரிகரை நிறுத்தினது நான். என் பேச்சை நம்பித்தான் அவன் அனுப்பினான்."

அவர் சீட்டைக் கீழே வைத்தார். "முதல்ல மருந்தைக் கொண்டு வாங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

தம்பியின் பைக்கில் போனார்கள். கிளினிக்கில் பன்னிரண்டில் ஒரு பாட்டில் குறைந்தது. கண் ஆபரேஷன் முடிந்த ஒரு தையற்காரம்மா வாங்கிப் போயிருந்தார். அடுத்த தெருவில், மாடிப்படிக்குக் கீழே அவருடைய ஒற்றை அறை.

"இப்பதான் போட்டேன். கொஞ்சம் உறுத்துச்சு. மருந்துன்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்."

அப்படியே ஆட்டோவில் ஏற்றி கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். மூன்று வாரம் வைத்தியம் நடந்தது. பார்வை தப்பியது, ஆனால் அந்தக் கண்ணில் ஒரு மங்கல் நின்றுவிட்டது.

ட்ரிகரை அவள் அன்றே திருத்தியிருந்தாள். முதலாளி அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. அவள் மட்டும் சரியாகத் தூங்கவில்லை.

வைத்தியம் முடிந்த மறுநாள் தையற்காரம்மாவிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் மெஷினில் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நீதானா அது?"

"நான்தாம்மா."

மெஷினை நிறுத்திவிட்டு ஊசி டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். "ஊசி கோக்கத்தான் இப்ப முடியல. எல்லாத்துலயும் கோத்து வச்சுட்டுப் போ."

அவள் தரையில் உட்கார்ந்து முதல் ஊசியை எடுத்தாள்.