நிழலை அழித்த மாமனார்

எங்கள் விமானப் பராமரிப்புக் கல்லூரியின் முதல்வர் என் மாமனார். இன்ஜின் லேபுக்கு நான் பொறுப்பாளன். பெண்ணையும் கொடுத்து வேலையையும் கொடுத்தவர்மேல் ஒரு மனுஷன் எந்தப் பக்கம் திரும்பிக் கோபப்படுவது, சொல்லுங்கள்!

லேப் சுவரில் ஒரு மஞ்சள் பலகை உண்டு. அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஆணி, ஆணியடியில் அந்தக் கருவியின் உருவம் கறுப்புப் பெயின்டில். அதை நிழல் என்போம். கருவியை எடுத்தால் நிழல் பல்லிளிக்கும். ஒரே ஒரு நிழல் தெரிந்தாலும் இன்ஜினை ஓட்டக்கூடாது, தேட வேண்டும். உள்ளே ஸ்பேனரை மறந்துவிட்டு ஆகாயத்தில் போய்த் தேட முடியுமா என்ன?

போன வாரம், சந்துபொந்துகளைப் பார்க்க வைத்திருக்கும் கைப்பிடிக் கண்ணாடியைக் காணோம். லேபையே தலைகீழாகப் புரட்டினேன். இன்ஜினின் அடிமூடியை மட்டும்தான் இன்னும் கழற்றவில்லை. மறுநாள் அரசாங்க ஆய்வு. அனுமதி ரத்தானால் லேபைப் பூட்டிவிடுவார்கள். மாணவர்களுக்கு ஒரு வருஷம் வீண், நான் வீட்டில்.

ஸ்பேனரோடு குனிந்தபோது மாமா மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு வந்தார்.

"ஆய்வு நேரத்துல எதையும் கழட்டிப் போடாதீங்க மாப்ள. நிழல் இருந்தாதானே பொருள் காணோம்னு தெரியும்?"

"மாமா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க!"

"பூசணிக்காயா? சின்னக் கண்ணாடிதானே" என்றபடி நிழலை அழித்து, ஆணியையும் பிடுங்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திப் பார்த்தேன், செவிடன் காதில் சங்குதான்.

ஆய்வுக்கு வந்த அம்மா ஒல்லி, சிரிக்காத முகம். பலகையை எண்ணிப் பார்த்து "பரவாயில்லையே" என்றார். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்புறம் அந்த அம்மா, "இன்ஜின் அடிமூடியைக் கழட்டுங்க" என்றார்.

மல்லாந்து படுத்துக் கழற்றினேன். எரிபொருள் குழாய்மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது கண்ணாடி. அதில் என் கண்ணே என்னை முறைத்தது. அந்த அம்மா இன்ஜினுக்கு மறுபக்கம் இருந்தார். குனிந்து பார்த்த மாமாவின் முகம் வெளுத்தது. நண்பருக்கு இன்ஜினைக் காட்டுகிறேன் பேர்வழி என்று ரெண்டு நாள் முன்னால் இந்த மூடியைத் திறந்து மூடியவர் இவரேதான்!

"மாப்ள, பாக்கெட்! பாக்கெட்!" என்று கிசுகிசுத்தார்.

போட்டிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் திங்கட்கிழமை பசங்க ஓட்டப்போவது இந்த இன்ஜினைத்தான். ஓடும்போது இது சிதறி ஒரு பையன் கண்ணில் பாய்ந்தால்? கண்ணாடியைக் கையில் எடுத்தேன். எழுந்துவிட்டேன்.

"மேடம், காணாமப் போன கண்ணாடி கிடைச்சிடுச்சு!"

அவர் கண்ணாடியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "இதுக்கு நிழல் எங்க?"

"நேத்துதான் பெயின்ட் அடிச்சு அழிச்சது."

"யாரு?"

சும்மா சொல்லக்கூடாது, மாமா கையைத் தூக்கினார். "நான்தாம்மா."

"பொருள் தொலையறது எல்லா இடத்துலயும் நடக்கும் சார். கிடைச்சா பயப்படற இடத்தை இங்கதான் பாக்கறேன்." என் பக்கம் கை காட்டினார். "இவர் மறைக்காம சொன்னதால லேபுக்கு அனுமதி தர்றேன். சாவி இவர்கிட்ட மட்டும் இருக்கட்டும். இவர் சொல்லாம நீங்க உள்ள வரக்கூடாது."

திங்கட்கிழமை கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் மாமா.

"மாப்ள, உள்ள வரலாமா?"

கல்யாணத்துக்கு நாள் குறித்தபோதுகூட என்னை ஒரு வார்த்தை கேட்காத மனுஷன்! சிரிப்பும் வந்தது, ஐயோ பாவம் என்றும் இருந்தது. ஆனால் பசங்க இன்ஜினைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"வாங்க மாமா. பாக்கெட்டை மட்டும் காட்டிட்டு வாங்க."

முனகியபடியே இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். "போதுமா? போகும்போதும் காட்டணுமா?"

"போகும்போதுதான் மாமா முக்கியம்."