சும்மா இருக்கும் கால்

அப்பாவின் சுட்டுவிரல், விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த அக்காவின் இருக்கை முதுகில் மறுபடி தட்டியது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. விரல் மட்டும் இன்னும் வாத்தியார் விரல்தான்.

"கேக்குதுப்பா. இந்த நிலைமையிலயும் விடமாட்டீங்களே!"

திரும்பாமலே நெம்புகோலை மயிரிழை நகர்த்தினாள். இரண்டு எஞ்சினும் விட்டுவிட்டு அடித்த இரைச்சல் ஒரே சுதியில் சேர்ந்தது. விரல் ஓய்ந்தது.

இரண்டு பெட்ரோல் எஞ்சின் வைத்த சின்ன விமானம். அப்பா ஓட்டிய காலத்தில் தபால் மூட்டை சுமந்தது. பிறகு மேலிருந்து நிலத்தைப் படமெடுத்தது. அப்புறம் பறக்கப் பழகுகிறவர்களிடம் மாட்டி இடிபட்டது. அக்காவும் அதில்தான் பழகினாள். ஓர் எஞ்சின் செத்ததுபோல் பழகும்போது, சரியென்று பின்னாலிருந்து அப்பா ஒரு தட்டுத் தட்டினால்தான் அதை நிறுத்துவாள். இப்போது அது நோயாளிகளுக்கு. நர்ஸுக்குக் காத்திருந்தால் இருட்டிவிடும் என்று, கடையிலிருந்த தம்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவனுக்குச் செருப்புக் கடை. "ஊரான் காலையெல்லாம் பிடிக்கிறான் என் மகன்" என்று அப்பா சிரிப்பார்.

மலைக்கு மேலே போகும்போது அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. மறுபடி ஏறவில்லை. தம்பி மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான். நெஞ்சை அழுத்தினான், மறுபடியும் அழுத்தினான். ஒன்றுமில்லை.

"அக்கா" என்று வாயெடுக்கும்போதே விமானம் உதறிக்கொண்டு ஒருபக்கமாக இழுத்தது.

"ஒண்ணு போச்சுடா!"

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். இரண்டு விசிறியும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. செத்த எஞ்சினின் விசிறியும் காற்றில் சுற்றும்; நிறுத்தாவிட்டால் விமானத்தைக் கீழே இழுக்கும். பதற்றத்தில் நல்லதை நிறுத்திவிட்டு விழுந்தவர்களின் கதையை அப்பா சோற்றுத்தட்டுக்கு முன்னால் எத்தனை முறை சொல்லியிருப்பார்! விமானத்தை நேராப் பிடிக்க ஒரு கால் மிதியை அழுத்தும், எந்தக் கால் சும்மா இருக்கோ, அந்தப் பக்கந்தான் செத்தது என்பார்.

"அப்பா, இடதுதானே? ஆமான்னா ஒரு தட்டு தட்டுங்க!"

அவள் கை நெம்புகோலில் காத்திருந்தது. கீழே பாறைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"அப்பா!"

தம்பி குனிந்து அவள் கால்களைப் பார்த்தான். வலது கால் மிதியை அழுத்தி விறைத்திருந்தது. இடது கால், அளவு சேராத செருப்புக்குள் போல, தளர்ந்து ஆடியது.

இருக்கை முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

அவள் இடது நெம்புகோலை இழுத்தாள். இடது விசிறி மெல்ல ஓய்ந்து நின்றது. விமானம் முனகிக்கொண்டே மலைமுகட்டை ஒட்டித் தாண்டியது.

"அப்பா எப்படிடா இருக்காரு?"

"தூங்கறாரு."

அவள் மிதியை இன்னும் அழுத்தினாள்.

"தட்டிட்டே இருக்கச் சொல்லு."

அவன் தட்டினான். ஒற்றை எஞ்சினின் இரைச்சலுக்குள், ஓடுபாதை தெரியும்வரை, சக்கரங்கள் தரையைத் தொடும்வரை தட்டினான். மறு கை அப்பாவின் கையைப் பிடித்திருந்தது.

ஆம்புலன்ஸ் ஓடிவந்தது. அவள் மிச்சமிருந்த எஞ்சினையும் நிறுத்தினாள். அந்த அமைதியிலும் அவன் விரல் தட்டிக்கொண்டிருந்தது.

"போதும்டா."

அவள் திரும்பவில்லை. வலது கால் இன்னும் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது.