ஏசுபாதத்தின் மறு ஏலம்

பொழிச்சலூர் கோயிலில் அறுப்பின் பண்டிகை ஏலம் என்றாலே ஏசுபாதத்துக்கு எரிச்சல். ஒரு பூசணிக்காயை ஒருத்தன் ஐம்பது ரூபாய்க்கு எடுப்பான். காசைக் கட்டிவிட்டு, காயை மறு ஏலத்துக்குத் திருப்பிக் கொடுப்பான். அதையே அடுத்தவன் எழுபதுக்கு எடுப்பான். பத்து தரம் விற்ற காய் கடைசியில் போதகர் வீட்டுக் குழம்பில் கிடக்கும். "நல்ல யாவாரம்டா" என்பார் ஏசுபாதம்.

முப்பது வருஷம் பம்மல் கல்குவாரியில் சம்மட்டி அடித்த மனுஷன். இப்போதும் அந்தச் சம்மட்டி அவர் சைக்கிள் கேரியரில் கட்டியேதான் இருக்கும். எவனையும் நம்பமாட்டார். டாக்டரம்மாவை மட்டும் நம்பினார்.

மகள் அம்மணியின் குழந்தை பாப்பாவுக்கு எட்டு மாதமாகியும் தலை நிற்கவில்லை. அஸ்தினாபுரம் வைத்தியன் நாற்பது நாளில் நிமிர்த்துகிறேன் என்றான். போதகர் ஜெபத்தில் சரியாகும் என்றார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் உள்ளதைச் சொன்னாள். "இது பரம்பரைக் கோளாறு. எனக்குத் தெரிஞ்சு மூணு குழந்தைக்குத்தான் இருக்கு. மருந்து கிடையாது. காப்பாத்துறேன்னு பொய் சொல்லமாட்டேன். பணம் கிடைச்சா ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிக்கப் பார்ப்போம். இல்லேன்னா ஆராய்ச்சிய மார்ச்சோட மூடவேண்டியதுதான்."

"காசு யாரு பாக்கெட்டுக்குப் போவுது?" என்று கேட்டார் ஏசுபாதம்.

அவள் கோபப்படவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து, பாப்பாவின் ரத்தம் இருந்த குழாயைக் காட்டினாள். மேலே ஒட்டியிருந்த பேரை அம்மணியைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கிழவர் நகர்ந்தார்.

அந்த வருஷப் பண்டிகைக்கு, கூரையில் காய்த்த பூசணிக்காயைக் கொண்டுபோய் ஏல மேசையில் வைத்தார். "இந்தக் காசு டாக்டரம்மாவுக்கு."

கோயில் செயலாளர் சாலமோன் சிரித்தார். "மேசைக்கு வந்தது கோயிலுக்கு, பெருசு. சாவப்போற கொழந்தைக்கு எதுக்கு ஆராய்ச்சி? தேவ சித்தம்னு வுடு."

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற அம்மணியின் முகம் செத்துப்போனது.

ஏசுபாதம் காயைத் தூக்கினார். கோயில் கேட்டுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தில் போய் வைத்தார்.

"இன்னாண்ணா, தொரத்திட்டானுங்களா?" மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த பூவம்மாள் கேட்டாள்.

"ஏலம் வுடறேன். பேத்திக்கு. கேளு."

"இருவது ரூவா. எனக்கு எதுக்குக் காயி? திருப்பி வுடு."

பஸ்ஸுக்கு நின்றவர்களும் ஏலம் கேட்டார்கள். உள்ளே இருந்தவர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். காய் ஐந்தாவது கை மாறும்போது சாலமோன் வந்தார். "நூறு!" பணத்தை வீசி, காயைக் கக்கத்தில் இடுக்கினார். "ஏலம் முடிஞ்சுது. எல்லாரும் உள்ள வாங்க." டிவிஎஸ் ஐம்பது வண்டியை உதைத்தார்.

ஏலத்தின் பாதியிலேயே காயை வீட்டுக்குக் கொண்டுபோனவனை அந்தக் கோயில் பார்த்ததில்லை.

"யோவ், திருப்பி வுடுய்யா!" யாரோ கத்தினார்கள். வண்டி போய்விட்டது.

"போதும்பா, வூட்டுக்குப் போலாம்" என்றாள் அம்மணி.

ஏசுபாதம் சைக்கிள் கேரியரிலிருந்து தன் சம்மட்டியை அவிழ்த்தார். ரோட்டில் போட்டார். தார் பெயர்ந்தது.

"பத்து கிலோ. இத எவனாவது கக்கத்துல வச்சுகினு ஓடட்டும், பாக்கலாம்."

கூட்டம் சிரித்தது. "அம்பது!" என்றாள் பூவம்மாள். தூக்கிப் பார்த்து, "எம்மாடி" என்று கீழே வைத்தாள். அடுத்தவன் அறுபது. ஒவ்வொருத்தனும் காசைக் கொடுத்து, சம்மட்டியைத் தூக்கிப் பார்த்து, மறு ஏலத்துக்கு வைத்தான். அம்மணியின் முந்தானை முடிச்சு கனத்துக்கொண்டே போனது. மார்ச்சைத் தாண்டிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கோயில் மேசைக்கு முன்னால் ஈ காக்கை இல்லை.

வெயில் சாயும்போது சாலமோன் பூசணிக்காயோடு வந்து நின்றார். "இந்தக் காயோட வூட்ல உள்ள வுடமாட்டேங்கறாங்க, பெருசு."

"வை அங்க."

வைத்தார். பாப்பாவைப் பார்த்தார். "கொழந்த பொழைக்குமா?"

"பொழைக்காது" என்றார் ஏசுபாதம். "ஆனா எம் பேத்தியத் தின்ற நோவு, இன்னா ஏதுன்னே தெரியாம கம்முனு போவக்கூடாது. வுடமாட்டேன். நீ கேளு. எவ்ளோ?"