ஐந்து காம்பரா

எனக்கு இரண்டு மச்சான்கள். இருவரும் பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகள். ஒருவர் இருக்கும் திசையில் மற்றவர் தலைவைத்துப் படுக்க மாட்டார். மூத்தவர் வேலுசாமி கங்காணி. அவர் தங்கை ராக்காயிதான் என் பெண்சாதி. இளையவன் பழனியாண்டி, என் தங்கை அங்கம்மாவைக் கட்டியவன். கஹவத்தைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிச் சீரழிந்தவன் நான்.

பழனியாண்டி போன வருஷம் கங்காணியோடு முறைத்துக்கொண்டு, இன்னும் நாலு குடும்பத்தை இழுத்துக்கொண்டு, குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழி வெட்டப் போனான். மழையில் குழி சரிந்ததும் திரும்பி வந்தார்கள். தோட்டத்துத் துரை வேலை கொடுத்தார். ஆனால் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவர்கள் விட்டுப்போன ஐந்து ஒற்றையறைக் காம்பராவுக்கும் பூட்டுத் தொங்கியது. காம்பரா விஷயம் கங்காணி பாடு என்று துரை கைகழுவிவிட்டார். ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கூடத்தின் பின்னால் தகரத்தைச் சாய்த்து ஐந்து குடும்பமும் ஒண்டிக்கொண்டன. அங்கம்மாவுக்கு நிறைமாதம். அவள் பிள்ளை பெறுவதற்குள் தலைக்கு மேலே ஒரு கூரை வேண்டும். எனக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

மூன்று தடவை கங்காணியிடம் போனேன்.

"என் மூஞ்சியில துப்பிட்டுப் போனவனுக்குக் காம்பரா ஒரு கேடா?"

"என் தங்கச்சி துப்பலியே மச்சான்."

"புருசன் துப்புனா அவளும் துப்புன மாதிரிதான். போ மாப்ள."

வீட்டில் ராக்காயி அதற்கு மேல். "எங்கண்ணன் தயவுல இருந்துக்கிட்டு யாருக்குங்க தூது போறீங்க?" என்று சட்டியைத் தூக்கி அடுப்பில் போடுவாள். தகரக் கொட்டகைக்குப் போனால் பழனியாண்டி எழுந்திருக்கக்கூட மாட்டான். "என்ன மச்சான், கங்காணி வேவு பாக்க அனுப்புனாரா?" என்பான். இவனுக்காகவா நாய்போல் அலைகிறேன் என்று ஆத்திரமாக வரும்.

அப்போதுதான் அம்மன் திருவிழா வந்தது, பாரதக் கூத்தும் வந்தது. வேஷம் கட்டுகிறவர்கள் கையில் காப்புக் கட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். காப்புக் கையோடு களத்தில் சொன்ன வார்த்தை அம்மனிடம் சொன்ன வார்த்தை. மாற்றக் கூடாது. முந்தின வருஷம் ஒருவன் வேஷ மயக்கத்தில் கிடா தருகிறேன் என்று உளறிவிட்டு, அழுதுகொண்டே கிடாவைக் கொண்டுவந்து வெட்டினான்.

ஐவருக்காகத் தூது போகும் சாமி வேஷம் எனக்கு. நூற்றுவரில் மூத்தவன் வேஷம் எப்போதும் கங்காணிக்கு. துரை பார்க்க வேண்டும் என்பதால் தூதுக் கட்டத்தை ஞாயிறு பிற்பகலில் வைத்திருந்தார்கள். ஊர் பார்க்க, அம்மன் பார்க்கக் கேட்டால் இந்த மனிதரால் எப்படி மறுக்க முடியும்? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

களத்தில் ஐந்து ஊர் கேட்டேன். அவர் இல்லை என்று பாடினார். அதன்பின் ஐந்து வீடு கேட்க வேண்டிய இடம். நான் பாட்டை நிறுத்தினேன்.

"அஞ்சு ஊரு வேணாம். கீழ் லயத்துல பூட்டிக் கெடக்கே, அந்த அஞ்சு காம்பராவக் குடு."

மத்தளம் நின்றது. கங்காணி என்னையே பார்த்தார். அரிதாரத்துக்குள் அவர் முகம் இளகுவதுபோல்தான் இருந்தது. வாயைத் திறக்கப் போனார். அந்த நேரம் பார்த்துப் பழனியாண்டி கூட்டத்திலிருந்து விசிலடித்தான். "மாட்டுனாருடா கங்காணி!" என்று அவன் ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

கங்காணி கதாயுதத்தை ஓங்கித் தரையில் அடித்தார்.

"ஊசி குத்துற எடம்கூடக் கெடையாது! நான் இருக்குற வரைக்கும் கெடையாது!"

 பாட்டில் உள்ள பதில்தான். ஆனால் கேட்டது காம்பரா.

வேஷம் கலைக்கும் இடத்தில் தோட்ட ஆபீஸ் கிளாக்கர் பஞ்சலிங்கம் ஐயா என்னைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துப் பூட்டுகளின் திறப்புகளெல்லாம் அவர் கையில்தான்.

"உனக்கென்ன விசரோ? அஞ்சு திறப்பையும் வேலுசாமி நேற்றே என்னட்ட வாங்கிப் போட்டான். பிள்ளைத்தாச்சி நனையுறாள் எண்டு அவனே சொன்னவன். திருவிழா முடிய, தானே கூப்பிட்டுக் குடுக்க இருந்தவன்."

 கங்காணியிடம் ஓடினேன். அவர் கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். திறப்புக் கொத்து மடியில் கிடந்தது.

"மச்சான், மன்னிச்சு..."

"காப்போட கேட்டுட்ட. நானும் காப்போட சொல்லிட்டேன்." அவர் கண் சிவந்திருந்தது. "எங்கிட்டத் தனியா இன்னொரு தடவ வந்து கேட்டிருக்கக் கூடாதாடா, பாவி?"

மறுநாள் காலையில் ஐந்து குடும்பமும் வேறு லயம் தேடி ஓப்பநாயக்கத் தோட்டத்துக்குப் புறப்பட்டன. மழை பிடித்துக்கொண்டது. பழனியாண்டி திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்விட்டான். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அங்கம்மா கடைசியாக நடந்தாள். நான் ஓடிப்போய் அவள் மூட்டையை வாங்கித் தோளில் வைத்தேன்.

அவள் நின்றாள். முகத்தில் வழிந்த மழையைத் துடைக்கவுமில்லை.

"நீ எனக்குச் செஞ்சது போதும்ண்ணே," என்றாள். "மூட்டையக் கீழ வை."