கொசுறு கார்டு

புதுச்சேரிக்கு அந்த விளையாட்டு வந்தபோது யாரும் அதை விளையாட்டு என்று நினைக்கவில்லை. சரக்கு என்றே நினைத்தார்கள். 'வஜ்ரக்கோட்டை' என்று பெயர். பூதம், குதிரைப்படை, ஏழுதலை நாகம் என்று பளபளக்கும் படங்களோடு பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சென்னைக் கம்பெனி ஒன்று போட்ட கார்டுகள். பெரிய மார்க்கெட்டு வியாபாரிகள், படிப்பு கெட்டுப்போகிறது என்று அவற்றைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி வைத்தார்கள். கைக்கு வந்த சரக்கைச் சும்மா வைத்திருக்க அவர்களுக்குத் தெரியாது. மத்தியானம் கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் ஒரு பூதத்துக்கு இரண்டு குதிரைப்படை என்று மாற்றிக்கொண்டார்கள். மாற்றிச் சேர்த்ததை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் விளையாடவும் ஆரம்பித்தார்கள். 2007இல் போட்டி அறிவித்தபோது பேர் கொடுத்தவர்களில் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருத்தரும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பீஸ் கட்டுகிற வயதில்தான் எல்லோரும் இருந்தார்கள்.

போட்டியை நடத்தியவள் முதலியார்பேட்டையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த செந்தமிழ்ச்செல்வி. வளையலுக்கும் ஸ்டிக்கர் பொட்டுக்கும் நடுவே இந்தக் கார்டைத் தொங்கவிட்ட பிறகுதான் ஆண்பிள்ளைகள் அவள் கடைக்குள் கூச்சமில்லாமல் காலெடுத்து வைத்தார்கள். புதுச்சேரி முழுமைக்குமான ஏஜென்சி அவளுக்கா, கடலூர்க்காரர் ஒருவருக்கா என்று கம்பெனி இழுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். போட்டி விதிப்படி நடந்து, இறுதி ஆட்டத்தில் ஆடிய இரண்டு பேரும் வாயால் 'புகார் இல்லை' என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏஜென்சி அவளுக்கு. இல்லாவிட்டால் கடலூருக்கு. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக ராஜ்கமல் என்ற பிரதிநிதியை டை கட்டி அனுப்பியிருந்தார்கள்.

உப்பளம் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் போட்டி. செல்விதான் நடுவர். கம்பெனி கொடுத்த மஞ்சள் மேல்சட்டையைப் பட்டுப்புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு பந்தி விசாரிப்பதுபோல மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தாள். விதிப்புத்தகத்தை ஒரு மாதமாகப் படித்துக் கரைத்துக் குடித்திருந்தாள். ஆளுக்கு முப்பது உயிர். ஒரு முறைக்கு ஒரு கார்டுதான் இறக்கலாம். இரண்டு இறக்கினால் இரண்டாவது திரும்பக் கைக்குப் போகும், ஐந்து உயிர் கழியும். தப்பைப் பார்த்த கணமே நடுவர் குறுக்கிட வேண்டும்.

எல்லாம் சரி. ஆனால் புத்தகம் எழுதியவர்களுக்குப் பெரிய மார்க்கெட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

முதல் சுற்று தொடங்கி விசில் ஈரமாகுமுன்னே, வெற்றிலைக் கடைக்காரர் ஒருவர் ஒரு பூதத்தை இறக்கிவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு குட்டி வில்லாளியையும் வைத்தார். செல்வி விசில் ஊதினாள்.

"ரெண்டு கார்டு போட்டுட்டீங்க."

"எங்க ரெண்டு? பூதந்தான் கார்டு. இது கொசுறு."

எதிரே இருந்தவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தாள். அவரோ தலையை ஆட்டினார். "கொசுறு இல்லாம எப்பிடிம்மா? நானும் அடுத்த ஆட்டத்துல ஒண்ணு வச்சுக்குவேன்."

கீரை வாங்கினால் கறிவேப்பிலை, பூ வாங்கினால் மேலே ஒரு முழம் என்று கொடுத்தும் வாங்கியும் பழகிய கைகள். ஒன்றை மட்டும் வைத்துவிட்டு நிறுத்தினால் ஏதோ கஞ்சத்தனம் செய்துவிட்டதுபோல விரல் கூசியது. செல்வி ஒவ்வொரு மேசையிலும் ஊதினாள், ஒவ்வொரு மேசையிலும் ஐந்து கழித்தாள். பக்கத்து மேசை ஆட்டத்தில் போய் யோசனை சொன்ன காய்கறி மண்டி கலியமூர்த்தியை, வெளியாள் பேசக்கூடாது என்ற விதிப்படி, அந்த ஆட்டம் முடிகிறவரை வாசலுக்கு அனுப்பினாள். மூலையில் உட்கார்ந்திருந்த ராஜ்கமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஏஜென்சி பாதி கைக்கு வந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் காத்தவராயன், பாத்திரக்கடை. குடத்தைத் தட்டி ஓசையிலேயே எடை சொல்கிற ஆள். இன்னொருத்தி தையல்நாயகி, ஜாக்கெட் துணிக்கடை. அவள் கடையில் துணி வாங்கிவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு, தாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று வீடு வந்து சேரும்வரை தெரியாது.

ஆட்டம் நன்றாகவே போனது. இரண்டு பக்கமும் உயிர் குறைந்து இறுகி வந்த கட்டத்தில் காத்தவராயன் ஏழுதலை நாகத்தை இறக்கினார். இறக்கிய கை திரும்பவில்லை. கூடவே ஒரு ஓணானையும் வைத்தது.

செல்வி ஊதினாள். "ஓணானை எடுத்துக்கங்க. அஞ்சு உயிர் கழிக்கிறேன்."

காத்தவராயன் கோபப்படவில்லை. நாற்காலியைச் சௌகரியமாகப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அஞ்சா. ஓணானுக்கு அஞ்சா. சொல்றதப் பாத்து சொல்லு ஜட்ஜம்மா. ரெண்டு வச்சுக்க."

"விதி அஞ்சுதாண்ணே."

"விதின்னா மொத வெல மாதிரி, எல்லாரும் மேலதான் சொல்வாங்க. நம்ம என்ன புதுசா?"

உதவி வேறு பக்கத்திலிருந்து வரும் என்று செல்வி தையல்நாயகியைப் பார்த்தாள். ஐந்து கழிந்தால் லாபம் அவளுக்குத்தானே. தையல்நாயகி முகத்தைச் சுளித்தாள்.

"அஞ்சு ஜாஸ்திதான் செல்வி. எம்பொண்ணு கல்யாணத்துக்கு அண்டா குண்டாவெல்லாம் இவரு கடையிலதான் எடுக்கணும். அஞ்சு உசுரைப் பிடுங்கிக்கிட்டு அங்க போயி நான் எப்பிடி பேரம் பேசுவேன்?"

"அக்கா, நீங்க விட்டுக்குடுக்க முடியாது. ரூல்ல இடமில்ல."

"அப்ப நானும் ஆடல," என்று தையல்நாயகி கார்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். காத்தவராயனும் கவிழ்த்தார். எதிரிகள் இருவரும் ஒரே கட்சியாகி, கைகட்டிக்கொண்டு நடுவரைப் பார்த்தார்கள். கூடம் முழுக்க எழுந்து வந்து மேசையைச் சூழ்ந்துகொண்டது. "புகார் குடுத்துடுவோம்ணே," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. புகார் என்ற சொல்லைக் கேட்டதும் செல்வி மூலையிலிருந்த ராஜ்கமலைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் ராஜ்கமல் எழுந்தான். சென்னை பஸ் பற்றிய கவலை அவனுக்கு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "சார், பிரச்சினை வேணாம். கம்பெனி சார்பா நான் சொல்றேன். நாலு கழிச்சுக்கலாம்," என்றான்.

எல்லோர் முகத்திலும் தெம்பு வந்தது. ஐந்திலேயே நிற்கிற ஆளோடு என்ன பேசுவது என்று தவித்தவர்கள் முன்னால், ஒரு மகராசன் தானாக வந்து இறங்கியிருக்கிறான்.

"தம்பி நாலுன்னு சொல்லுது. தம்பிக்குத் தெரியும். மூணுன்னு முடிச்சிடுங்க தம்பி," என்று ஆரம்பித்தார் காத்தவராயன்.

"மூணு... சரி, மூணு."

"மூணு சொல்ற வாய் ரெண்டரை சொல்லாதா?"

"அரை உயிர் கிடையாது சார்."

"ஏன் கெடையாது? மூச்சிழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடக்கறாங்களே, அதென்ன முழு உசுரா?"

ராஜ்கமலுக்கு நெற்றி வேர்த்தது. இரண்டரை என்றான். இரண்டு என்றான். ஒன்றரையில் வந்து நின்றபோது டை தோளுக்குப் போயிருந்தது. ஓணானும் மேசையிலேயே இருக்கலாம் என்று தையல்நாயகி அவன் வாயிலிருந்து வாங்கிவிட்டாள்.

செல்வி விசிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டுவிடலாம். கம்பெனிக்காரனே சொல்லிவிட்டான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே புகார் இல்லை என்பார்கள், ஏஜென்சி வீடு தேடி வரும். ஆனால் மத்தியானம் இதே வாயால் கலியமூர்த்தியை வாசலுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் கூட்டத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜ்கமலை மட்டும் விட்டுவிட்டால், நாளைக்கு அவள் கடையில் எந்தப் பொருளுக்கும் சொல்லுக்கும் மதிப்பிருக்காது என்று அந்தப் பார்வை சொல்லியது.

கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள்.

"வெளியாள் ஆட்டத்துல பேசக்கூடாது. வெளிய போங்க சார். ஆட்டம் முடிஞ்சப்புறந்தான் உள்ள வரலாம்."

"மேடம், நான் கம்பெனி."

"இந்த மேசைக்கு நீங்க வெளியாள்."

ராஜ்கமல் சுற்றிலும் பார்த்தான். இதுவரை அவனிடம் பேரம் பேசியவர்களில் ஒருத்தர்கூட இப்போது வாய் திறக்கவில்லை. கலியமூர்த்தி மட்டும், வழி தெரிந்தவர் என்ற முறையில், "இப்பிடி வாங்க தம்பி, வாசல்ல நெழலு இந்தப் பக்கம்," என்று காட்டினார். அவன் போய்ச் செருப்புக் குவியலுக்கு நடுவே நின்றான்.

கூடத்துக்குள் முதலில் கலங்கியவள் தையல்நாயகிதான். "பட்டணத்துலேர்ந்து வந்த புள்ள. ஒரு டீகூடக் குடிக்கல. நம்மளால வாசல்ல நிக்குது. நல்லாவா இருக்கு?"

"உள்ள கூப்புடு செல்வி," என்றார் காத்தவராயன். "நாங்க ரெண்டு கழிச்சுக்கறோம்."

"ஆட்டம் முடியணும்ணே."

"மூணு."

செல்வி விசிலை முந்தானையில் துடைத்தாள்.

காத்தவராயன் வாசலைப் பார்த்தார். அங்கே ராஜ்கமல் ஒற்றைக் காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டிருந்தான். விருந்தாளியை வாசலில் நிற்கவைத்துவிட்டு வியாபாரம் பேசுவது மார்க்கெட்டில் இதுவரை நடக்காத அவமானம். அவர் ஓணானை எடுத்துக் கையில் செருகிக்கொண்டார். "அஞ்சையே எடுத்துக்க. சீக்கிரம் ஆடு நாயகி, புள்ள நிக்குது பாரு."

அதன்பிறகு இரண்டு பேரும் கொசுறு இல்லாமல், பேச்சில்லாமல், தலை நிமிராமல் ஆடினார்கள். கம்பெனி எதிர்பார்த்த விதிப்படி ஓர் ஆட்டம் அன்றைக்கு நடந்தது அந்தக் கொஞ்ச நேரந்தான். அதைப் பார்க்கவேண்டியவன் வாசலில் நின்றான். காத்தவராயன் தோற்றார். அந்த ஐந்து இருந்திருந்தால் தோற்றிருக்க மாட்டார் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"புகார் உண்டாண்ணே?" என்று கேட்டாள் செல்வி.

அவர் அவளை, அடி ஓட்டை இருக்கிறதா என்று குடத்தைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சுன்னு சொல்லி அஞ்சையே வாங்கின ஆளை இந்த ஊர்ல இப்பத்தான் பாக்கறேன். உங்கிட்ட என்னா புகார் சொல்றது? சொன்னாலும் கொறைக்கமாட்ட. இல்லன்னு எழுதிக்க."

"எனக்கும் இல்ல," என்று வாசல்வரை கேட்கும்படி சொன்னாள் தையல்நாயகி. "மொதல்ல அந்தப் புள்ளைக்கு டீ குடுங்க."

செல்வி வாசலுக்குப் போனாள். ராஜ்கமல் போனில் இருந்தான். மறுமுனையில் அவன் மேலாளர் போடுகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

"விதிப்படி நடக்குதா இல்லியா, அதைச் சொல்லு."

"நடக்குது சார்."

"எப்பிடிச் சொல்ற?"

ராஜ்கமல் செல்வியைப் பார்த்தான். பிறகு காலடியில் கிடந்த செருப்புகளைப் பார்த்தான். "என்னையே வெளிய அனுப்பிட்டாங்க சார்."

மேலாளர் ஏதோ சொன்னார். அவன் போனை அணைத்துவிட்டு டையை நேராக்கினான்.

"ஏஜென்சி உங்களுக்குத்தான் மேடம். ஒரு வருஷம்."

செல்வி மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு வருஷமா," என்றாள், ஓணானுக்கு அஞ்சா என்று காத்தவராயன் கேட்ட அதே குரலில். "உள்ள வந்து உக்காருங்க சார். டீ ஆறுது."