பவுனம்மாளின் வெயில்

பவுனம்மாள் ஐந்து மாடி பிளாட்டின் மொட்டைமாடியில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் பாய்கள். காற்று தூக்கிக்கொண்டு போகாமல் மூலைக்கொரு செங்கல். தயிரில் ஊறிய மிளகாய் ஒரு பக்கம், பிழிந்த வடகம் மறுபக்கம். கிள்ளானில் வெயிலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குக் காலைதான் காலம். மதியம் சாய்ந்தால் மேரு ஊர்ப் பக்கமிருந்து மேகம் கிளம்பிவிடும். அப்புறம் வெயிலாவது, ஒன்றாவது.

அவள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் சதீஷ்குமார் செங்கல் எடுத்துக் கொடுத்தான். கரூரிலிருந்து வேலை அனுமதிப் பாஸில் கடல் தாண்டி வந்தவன். காய்ந்த மோர்மிளகாய் மூட்டையை ரயிலில் கொண்டுபோய், பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் இறக்கிவிட்டு, அப்படியே ஆபீசுக்குப் போவான். ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"கம்ப்யூட்டர்ல என்னதான் செய்றே தம்பி? அதச் சொல்லேன்."

"ஊரையே உள்ள கட்டுவேன்க்கா. அப்புறம் வெயில், காத்து எல்லாம் விட்டுப் பாப்பேன். புதுசா ஒரு கட்டடம் வந்தா எங்க சூடாகும், எங்க நிழல் விழும்னு."

"வெயில நீ விடுவியா?" பவுனம்மாள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "பெரிய ஆளுதான் லா!"

எதிரே, கிழக்கே, இடித்துத் தள்ளிய தொழிற்சாலை நிலத்தில் கோபுரக் கட்டடம் வரப்போவதாகப் பலகை நட்டிருந்தார்கள். அதை வரைவது சதீஷின் ஆபீஸ்தான். அதையும் அவன் மறைக்கவில்லை. சொன்னதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவன் சட்டை மாற்றுவதற்குள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, நாற்காலி போட்டுவிட்டாள்.

மடிக்கணினியில் கிள்ளான் விரிந்தது. சாலைகள், ஆறு, நூற்றுக்கணக்கில் சாம்பல் நிறப் பெட்டிகள்.

"என்னா தம்பி, எல்லாம் சோப்பு டப்பாவா இருக்கு. நம்ம பிளாட் எது?"

அவன் தொட்டுக் காட்டினான். அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக் குனிந்தாள்.

"இதா? ஜன்னல் கூட இல்ல. என் பாயையாவது போடு லா."

அவன் சிரித்துக்கொண்டே பெட்டியின் தலையில் மஞ்சள் சதுரங்களை வரைந்தான். அந்த மென்பொருளில் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு அடுக்கில் பக்கத்துக் கட்டடங்கள், இன்னொன்றில் மரங்கள். ஓர் அடுக்கை அணைத்தால் அதில் இருப்பது மட்டும் மறையும். பாய்களுக்கென்று அவன் புதிதாக ஓர் அடுக்கு திறந்து, அதற்கு 'அக்கா' என்று பெயர் வைத்தான். பவுனம்மாள் வெட்கப்பட்டாள்.

சூரியனை எப்படி நகர்த்துவது என்று காட்டிக் கொடுத்ததும் அவள் அவனை விலக்கிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டாள். விரலை இழுத்தால் பொழுது விடிந்தது. இன்னும் இழுத்தால் சாய்ந்தது. தீபாவளி மாத வெயில், பொங்கல் மாத வெயில் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். அடுப்பில் குழம்பு தீயும் வாடை வந்தபோதுதான் எழுந்து ஓடினாள்.

திரும்பி வந்து, "இப்ப அந்தப் புதுக் கட்டடத்த வை" என்றாள்.

வைத்தான். விடிந்தது. கோபுரத்தின் நிழல் மொட்டைமாடி மேல் விழுந்து, மஞ்சள் பாய்களை மூடி, அங்கேயே கிடந்தது. அவள் விரலை மெல்ல இழுத்தாள். உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால்தான் நிழல் விலகியது.

"சூரியன கையால மறைக்க முடியாதும்பாங்க," என்றாள் பவுனம்மாள். "கட்டடத்தால முடியும் போல."

சதீஷுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கை சும்மா இருக்குமா? கோபுரத்தைப் பிடித்து நிலத்தின் தெற்கு மூலைக்குத் தள்ளிப் பார்த்தான். பாய்களின் மேல் காலை வெயில் திரும்பி வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ்ளோதானா? இத அவங்க கிட்ட சொல்லுவியா?"

"ரிப்போர்ட்ல எழுதுறேன்க்கா. கண்டிப்பா."

மறுநாள் அவன் மேலாளர் ரமணியிடம் திரையைக் காட்டினான். அவள் கெட்டவள் இல்லை. தேநீரை ஆறவிட்டு, அவனைப் போலவே ஆர்வமாகக் கோபுரத்தை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு சதீஷ். ஆனா தெற்கு மூலையில கார் பார்க் வருது, கிளையண்ட் நகத்த மாட்டாரு. அந்தப் பிளாட்டுக்குக் கிடைக்கிற வெயில் போதும்னு உன் கணக்கே சொல்லுதே?"

"அது மத்தியானத்துக்கு மேல வர்ற வெயில் மேடம். அப்ப மழை வந்துடும். அவங்களுக்கு ஒண்ணும் காயாது."

"உன் மாடல்ல மழை இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எப்படி எழுதுவே?" குரலில் கோபமே இல்லை. "மக்களுக்குக் காட்டுற வீடியோவுல பக்கத்துக் கட்டடத்தையெல்லாம் எடுத்துடு. பாக்க அழகா இல்ல. புல்லு போட்டுடு லா. ஆங், உன் பாஸ் ரினியூவல் என் மேசையில இருக்கு. இந்த வாரம் சைன் பண்ணிடுறேன்."

சதீஷ் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இங்கே ஆண்டி அவனா, பவுனம்மாளா என்று அவனுக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கட்டடங்களின் அடுக்கை அணைத்தான். பிளாட்டுகள் சத்தமில்லாமல் போயின. திரையை அதற்குமேல் பார்க்கப் பிடிக்காமல் தரையில் புல்லைக் கொட்டி, ஃபைலை வேறொரு கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிட்டான். சனி, ஞாயிறு முழுக்க அது தானாக ஓடி வீடியோவை முடித்தது. திங்கட்கிழமை காலை நேராகக் கிளையண்டுக்குப் போனது. யாரும் கடைசிவரை ஓட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் அவன் வாய் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டதை அவள் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டாள்.

குடியிருப்பாளர்களுக்கு விளக்கம் சொல்லும் கூட்டம் பக்கத்து டேவானில், தகரக் கூரை மண்டபத்தில், மத்தியானம் நடந்தது. பவுனம்மாள் அன்று பாய் விரிக்கவில்லை. பட்டுச் சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு உஷாராணியிடம் சொன்னாள்: "நம்ம தம்பி செஞ்ச படம். நம்ம பிளாட்டும் வரும் பாரு." சதீஷ் ரமணிக்குப் பின்னால் மடிக்கணினியோடு நின்றான். அவர்கள் பக்கம் அவன் பார்க்கவே இல்லை.

விளக்கை அணைத்தார்கள். திரையில் விடிந்தது. பறவைகள் பறந்தன. கோபுரம் பளபளவென்று எழுந்தது. அதன் காலடியில் பச்சைப் புல். புல்லில் பலூன் பிடித்த வெள்ளைக்காரக் குழந்தைகள்.

"நம்ம பிளாட் எங்கக்கா?" என்றாள் உஷாராணி.

பவுனம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள்.

புல்லுக்கு மேலே, ஐந்து மாடி உயரத்தில், அடியில் ஒன்றுமே இல்லாமல் மஞ்சள் சதுரங்கள் ஆகாயத்தில் நின்றன.

'அக்கா' என்ற அடுக்கை சதீஷ் அணைக்க மறந்திருந்தான்.

"அது என்னா, பட்டமா?" என்று யாரோ கேட்டார்கள். கூட்டம் சிரித்தது. ரமணி மைக்கை வாங்கி, "சின்ன டெக்னிக்கல் எரர்" என்றாள்.

"என் பாய்," என்றாள் பவுனம்மாள். உஷாராணிக்கு மட்டும்தான் அது கேட்டது.

கோபுரத்தின் நிழல் மெல்ல வந்து பாய்களை மூடியது. திரையில் காலை முழுக்கப் போனது. அப்போது தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. பிறகு ஒரேயடியாகக் கொட்டியது. ரமணி என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

மழைச் சத்தம் காதில் விழுந்ததும் பவுனம்மாள் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். பாயைச் சுருட்ட இரண்டு கையும் முன்னே நீண்டுவிட்டன. திரையில் நிழல் விலகி, அந்த மஞ்சள் பாய்களின் மேல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.